வாசலிலேயே பஸ்

சச்சி லோயர் எலெக்சனில் நிற்கிறார் என்ற கதை வெளியே வந்ததும் முதலில் சந்தோசப்பட்டது பக்கத்து நகரமான அஜக்ஸ். அடுத்தது மார்க்கம். மிசிசாகாவிலிருந்துகூட இரண்டு பேர் போன் எடுத்து வாழ்த்தினார்கள். அவர் நின்றதோ ஸ்காபரோவில். இதில் எங்கேயோ இடிக்கிறதே என்று அப்போதே ஒருவராவது யோசித்திருக்கலாம். வாழ்த்துச் சொல்லும் அவசரத்தில் எங்கள் ஆட்களுக்கு யோசிக்க எங்கே நேரம்?

முழுப்பெயர் சச்சிதானந்தன். வயது ஐம்பத்தொன்பது. ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில், படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு போனால், இரண்டு அறையில் அவருடைய சட்ட அலுவலகம். தொடக்கத்தில் போக்குவரத்துத் தண்டம் என்கிற கார் ரிக்கற் வழக்கு, அகதி வழக்கு என்று கைக்கு வந்ததையெல்லாம் செய்தார். பிறகு வீடு வாங்கி விற்கிற உறுதிப்பத்திர வேலையோடு நின்றுவிட்டார். அதில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். புது வீட்டின் கதவுத் திறப்பைக் கையில் கொடுக்கும்போது ஒரு சுவர் மணிக்கூட்டையும் கொடுப்பார். மணிக்கூட்டின் முகத்தில் அவர் பெயரும் போன் நம்பரும் இருக்கும். பால் காய்ச்சுகிற அன்று வீட்டுக்காரர் அவரைக் கூப்பிட்டுப் பொங்கல் கொடுத்து, அந்த மணிக்கூட்டுக்குக் கீழே நிறுத்திப் படம் எடுப்பார்கள். அவர் இல்லாமல் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் வீடு வாங்கியதில்லை.

அப்படிப்பட்ட மனுசனுக்கு அரசியல் எதற்கு என்று கேட்டால், காரணம் ஒன்றே ஒன்றுதான். தவமணி.

தவமணி அவருடைய மனைவி. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. வீட்டுக்கு நேர் எதிரே, பெரிய றோட்டின் அந்தப் பக்கத்தில் பஸ் தரிப்பு. நடுவில் ஆறு வரிசைக்குக் கார் ஓடும். இடது பக்கம் நானூற்றுமுப்பது மீற்றர் நடந்தால் ஒரு சிக்னல் லைற் வரும். வலது பக்கம் ஐந்நூற்றுப்பத்து மீற்றரில் இன்னொன்று. அங்கே போய்க் கடந்து திரும்பி வருவதற்குள் பஸ் போய்விடும். ஆகவே இருபத்திரண்டு வருடம் அவள் நேரே கடந்தாள். தெருவில் எல்லோரும் அப்படித்தான் கடந்தார்கள், சச்சிதானந்தன் உட்பட. போன வருடம் ஜூன் மாதம், காலை ஆறு இருபதுக்கு, மழையில்லை, பனியில்லை, நல்ல வெளிச்சம். நாலு வரிசையைக் கடந்துவிட்டாள். ஐந்தாவதில் ஒரு கார் வந்தது.

ஐம்பது என்று பலகை போட்ட றோட்டில் எண்பத்தெட்டில் வந்த கார். ஓட்டியவன் வேலைக்குப் பிந்திப்போன ஒரு இருபத்துமூன்று வயதுப் பெடியன். வழக்கு நடந்தது. பெடியனுக்காகப் பேசிய சட்டத்தரணி இளம் ஆள், நல்ல சூட், நல்ல குரல். அந்த இடத்தில் பாதசாரிக் கடவை இல்லை, இறந்தவர் கடக்கக்கூடாத இடத்தில் கடந்திருக்கிறார், அதையும் நீதிமன்றம் கவனத்தில் எடுக்க வேண்டும் என்றார். ஒரு தண்டப்பணம், கொஞ்சக் காலத்துக்கு லைசென்ஸ் தடை. இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

சச்சிதானந்தன் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது, உடம்பெல்லாம் சுட்டுக்கொண்டு. ஏனென்றால் அந்த வசனம் அவருடையது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ரிக்கற் வழக்குகள் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அதே றோட்டில் ஒருவரைக் காரால் அடித்துப்போட்டுவிட்டுத் தன்னிடம் வழக்கைக் கொடுத்த ஒரு பெடியனுக்காக அவர் இதையே, கிட்டத்தட்ட இதே சொற்களில், இதே கட்டடத்தில் எழும்பி நின்று சொன்னவர். வென்றும் இருந்தார். அந்தப் பெடியனின் தகப்பன் அடுத்த நாள் ஒரு பெட்டி லட்டோடு மாடியேறி வந்தார்.

தவமணியின் வழக்குக்குப் பிறகு அந்த இடத்தில் ஒரு லைற் போடச் சொல்லி நகரசபைக்கு மூன்று விண்ணப்பம் எழுதினார். லோயர் எழுதும் கடிதம் எப்படி இருக்கும்? படம், அளவு, விபத்து விபரம், சட்டப்பிரிவு எல்லாம் இருந்தது. மூன்றுக்கும் முடியாது என்று ஒரே பதில், தேதி மட்டும் வேறு. அந்த நேரத்தில்தான் வட்டாரக் கவுன்சிலர் வேறு பெரிய பதவிக் கதிரைக்குப் போக, இடைத்தேர்தல் வந்தது. உள்ளே போய்த்தான் கேட்க வேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். வெல்ல வேண்டும், லைற் போட வேண்டும். வேறு ஒரு ஆசையும் அவருக்கு இருக்கவில்லை.

தேர்தல் வேலைக்குத் தானாக வந்து பொறுப்பெடுத்தவர் அருள்நாயகம். இன்சூரன்ஸ் ஏஜன்ற், ஊர்க்காரர் சங்கமான ஊர் ஒன்றியத்தின் தலைவர், ஒலிவாங்கியைக் கண்டால் விடாத ஆள்.

"அண்ணை, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. எங்கட ஊர் மட்டும் நானூறு குடும்பம். குடும்பத்துக்கு மூண்டு வோட் எண்டாலும் பாருங்கோ."

ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்து மண்டபம் எடுத்துக் கூட்டம் வைத்தார். முந்நூற்றுநாற்பது பேர் வந்தார்கள். ரோல்ஸ், வடை, பால்தேத்தண்ணி. ஆறு பேர் பேசினார்கள். தமிழனின் குரல் என்றார்கள், நிமிர்ந்து நிற்கும் காலம் என்றார்கள், ஒருவர் கல்லணையிலிருந்து தொடங்கினார். லைற் பற்றி ஒருவரும் பேசவில்லை. சச்சிதானந்தன் பேசியது நாலு நிமிடம். அந்த இடத்தில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று சொன்னார். தவமணியின் பெயரைச் சொல்லி முடித்தார். மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது. இறந்தவளின் பெயருக்குக் கைதட்டுகிறார்களே என்று அவருக்கு ஒருமாதிரி இருந்தது. ஆனால் அவர்கள் நெஞ்சால்தான் தட்டினார்கள், அதைக் குறை சொல்ல முடியாது.

திரும்பும்போது அருள்நாயகம் தன் காரில் அவரை ஏற்றிக்கொண்டு வந்தார். வாய் ஓயவில்லை. காரும் ஓயவில்லை. அந்த இடம் கிட்ட வரும்போது வேகமுள் எழுபத்தைந்தில் நின்றது.

"அருள், கொஞ்சம் மெதுவா."

"ஓமோம் அண்ணை." எழுபதாக்கினார். அதற்கு மேல் குறைக்கவில்லை.

அடுத்த கிழமை வாக்காளர் பட்டியல் வந்தது. சனிக்கிழமை பின்னேரம் அலுவலகத்தில் மேசையின் ஒரு பக்கம் அந்தப் பட்டியலையும் மறு பக்கம் ஊர் ஒன்றியத்தின் தொலைபேசிப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இருந்தார்கள். அருள்நாயகம் ஒரு பெயரை வாசிப்பார், சச்சிதானந்தன் பட்டியலில் தேடுவார்.

"சண்முகநாதன்."

"இல்லை. அவர் அஜக்ஸ். வீடு நான்தான் முடிச்சுக் குடுத்தனான்."

"மாஸ்ரரின்ர மகன் ஜனார்த்தன்?"

"யூனியன்வில். அதுவும் நான்தான்."

"மரியோ?"

"அஜக்ஸ். அவையின்ர பாலும் பொங்கலும் இப்பவும் நாக்கில நிக்குது."

முப்பதாவது பெயரில் சச்சிதானந்தன் பேனையை மூடி வைத்தார். இருபத்துமூன்று வருடம். மலிவான வீடு, சுற்றிவரப் பெரிய வளவு, இரண்டு கார் விடும் கராஜ் என்று குடும்பம் குடும்பமாக இந்த வட்டாரத்தைவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு குடும்பத்தின் கடுதாசியிலும் அவர்தான் கையெழுத்து வைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணிக்கூடு கொடுத்து வழியனுப்பினார். தனக்கு வோட் போடக்கூடிய சனத்தை, ஒரு ஆள் தவறாமல், தன் கையாலேயே வெளியே ஏற்றி அனுப்பிவிட்டு இப்போது வெறும் வளவில் நின்று வோட் கேட்கிறார். இதை வேறு யாராவது செய்திருந்தால் அவருக்கே சிரிப்பு வந்திருக்கும். தெரியாத விசயமா? ஆளுக்கு ஆள் முகவரி தெரியும். மண்டபத்தில் அவ்வளவு தலையைக் கண்டதும் மனம் கண்ணை மூடிவிட்டது.

"நீரும் அஜக்ஸ்தானே, அருள்," என்றார்.

அருள்நாயகத்தின் முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு பழையபடி விரிந்தது. "அதுக்கென்ன அண்ணை. வோட் இல்லாட்டிலும் ஆள் இருக்கு. எலெக்சன் அண்டைக்கு நாப்பது கார் இறக்குறன்."

அதற்குப் பிறகு வீடு வீடாக நடந்தார். மாடிக்குடியிருப்புகளில் அவர் ஒரு காலத்தில் அகதி வழக்குப் பேசி வென்று கொடுத்த ஆட்கள் இருந்தார்கள். கதவைத் திறந்ததும் கட்டிப்பிடித்தார்கள். இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார்கள். ஒருத்தி அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர்களில் பலருக்குக் குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லை, வோட்டும் இல்லை. வோட் இருந்தவர்களோ கதவைப் பாதி திறந்து, முதலில் எந்த ஊர் என்று கேட்டார்கள். ஒருவர் துண்டுப்பிரசுரத்தை ஆறுதலாக வாசித்துவிட்டுத் தலையாட்டினார்.

"நல்ல விசயம் அண்ணை. கட்டாயம் லைற் வேணும். ஆனா அண்ணை, நீங்கள் லோயர்தானே? உந்த றோட்டிலதான் எனக்கொரு ஸ்பீட் ரிக்கற் தந்திட்டாங்கள். எண்பத்தொண்டாம். உதை இல்லாமச் செய்யேலாதோ?"

சச்சிதானந்தன் படியில் நின்று அவரைப் பார்த்தார். அடிக்க வேண்டும் போல இருந்தது. "ஏலாது" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அந்த வோட்டும் போச்சு.

அந்தப் பின்னேரத்தின் கடைசிக் கதவு வேரோனிக்காவுடையது. மன்னார்ப் பக்கத்து மனுசி, எழுபது தாண்டியவர், கட்டைக் கறுப்புச் சுவெற்றர், கழுத்தில் செபமாலை. அவரைக் கண்டதும் கதவை மூடவுமில்லை, உள்ளே வரச் சொல்லவுமில்லை.

"என்னைத் தெரியுதோ, லோயர்?"

தெரியவில்லை.

"அன்புராசாவின்ர மனுசி. நீங்கள் கோட்டில வழக்குப் பேசேக்க பின்னுக்கு இருந்தனான். கடக்கக்கூடாத இடத்தில கடந்தவர் எண்டு சொன்னனீங்கள். எனக்கு இங்கிலிஸ் வராது. பக்கத்தில இருந்த பிள்ளையிட்டக் கேட்டு விளங்கினனான்."

அன்புராசா. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தக் கோப்பில் அது வெறும் பெயர். கோப்பின் நிறம்கூட ஞாபகம் வந்தது, மனுசனின் முகம் வரவில்லை.

"அக்கா... அது அப்ப என்ர வேலை."

"ஓம். இவரை அடிச்ச அந்தப் பெடியனும் அண்டைக்குத் தன்ர வேலைக்குத்தானே போனவன்." மனுசி கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "என்ர மனுசன் காலமைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போனவர். பாண் கடை அந்தப் பக்கம். வேற எங்காலை கடக்கிறது?"

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் வேரோனிக்கா அவருடைய கையிலிருந்த துண்டுப்பிரசுரத்தை வாங்கி, அதிலிருந்த தவமணியின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்கட மனுசியைக் காணுறனான், பஸ்ஸுக்கு நிக்கேக்க. என்னைப் பாத்துச் சிரிப்பா," என்றார். "வோட் போடுறன். லைற்றுக்குப் போடுறன். உங்களுக்கில்லை."

தேர்தல் அன்று அருள்நாயகம் சொன்ன சொல் தவறவில்லை. நாற்பது கார் வந்தது. எல்லாவற்றிலும் சச்சிதானந்தனின் படம், கீழே 'பாதுகாப்பான தெரு' என்று மூன்று மொழியில். வோட்டுக்கு ஏற்றிப்போக ஆள் இல்லாததால் அவர்கள் படத்தைக் காட்டிக்கொண்டு பெரிய றோட்டில் மேலும் கீழும் ஓடினார்கள். நாற்பது காரும் சேர்ந்து ஓடும்போது உற்சாகம் வராதா? ஒன்றை ஒன்று முந்தினார்கள், ஹோன் அடித்தார்கள். ஐம்பதில் ஓடிய ஒரு கார்கூட அதில் இல்லை.

மூன்று மணி போல, தன் வீட்டு வாசலில் நின்ற சச்சிதானந்தன் வேரோனிக்காவைக் கண்டார். வாக்களிப்பு நிலையம் எதிர்ப்பக்கத்துப் பாடசாலையில். மனுசி றோட்டுக் கரையில், தவமணி வழக்கமாக இறங்குகிற அதே இடத்தில், கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். சச்சிதானந்தன் ஓடினார்.

"அக்கா, நில்லுங்கோ. எங்கட கார் ஒண்டை மறிச்சு ஏத்திவிடுறன்."

"அரைமணித்தியாலமா உங்கட காருகளுக்குத்தான் கை காட்டுறன். ஒண்டும் நிக்கேல்லை."

அவர் மனுசியின் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் இறங்கினார்கள். மூன்று வரிசை தாண்டி நடுவில் மஞ்சள் கோட்டில் நிற்க வேண்டி வந்தது. முன்னாலும் பின்னாலும் கார். காற்று அடித்து மனுசியின் சுவெற்றரை இழுத்தது. அவருக்கு இதே இடத்தில் தவமணியும் நின்றிருப்பாள் என்று நினைவு வந்தது, ஒவ்வொரு நாளும், சாப்பாட்டுப் பையோடு. இருபத்திரண்டு வருடமும் அவர் அந்த நேரத்தில் படுக்கையில் இருந்தார். ஒருநாள் எழும்பி வந்து இந்தக் கையைப் பிடித்திருந்தால் என்ன? தன் படம் ஒட்டிய வெள்ளைக் கார் ஒன்று ஒரு முழத்தில் உரசிக்கொண்டு போனது. உள்ளே இருந்தவர் அவரைக் கண்டு சந்தோசமாகப் பெருவிரலைக் காட்டினார்.

ஒருபடியாகக் கடந்தார்கள். வேரோனிக்கா உள்ளே போய் வோட் போட்டார். திரும்பி வரும்போது சச்சிதானந்தன் அவரை நானூற்றுமுப்பது மீற்றர் நடத்தி, லைற்றில் கடக்கவைத்து, வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டார். மனுசிக்கு முழங்கால் நோ. இருபத்தைந்து நிமிடம் எடுத்தது.

எட்டரை மணிக்கு முடிவு வந்தது. வென்றவருக்கு ஏழாயிரத்துச் சொச்சம். கார்கள் றோட்டில் காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பேன் என்று சொன்ன மனுசன். சச்சிதானந்தனுக்கு முந்நூற்றுப்பன்னிரண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை ரோல்ஸ் சாப்பிட்டவர்களின் தொகைகூட இல்லை.

"அடுத்தமுறை பாப்பம் அண்ணை," என்றார் அருள்நாயகம். உண்மையாகவே அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பிறகு நாற்பது காரும் நெடுஞ்சாலை ஏறி அஜக்ஸுக்குப் போயின.

சச்சிதானந்தன் நாலாவது விண்ணப்பம் எழுதினார். புதுக் கவுன்சிலரின் அலுவலகத்திலிருந்து மரியாதையான பதில் வந்தது. இந்தமுறை ஆள் வைத்து எண்ணியிருந்தார்கள். லைற் போடுவதற்கு அந்த இடத்தில் நாளொன்றுக்குக் கடப்பவர்களின் எண்ணிக்கை போதாது, எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டும் போகிறது. குறையாமல் என்ன செய்யும்? கடந்தவர்களில் சிலர் செத்துப்போனார்கள். மிச்சப்பேருக்கு அவர் மணிக்கூடு கொடுத்தார். அந்தக் கடிதத்தை மற்ற மூன்றோடும் சேர்த்து வைத்துக் கோப்பை மூடினார். ஐந்தாவது எழுதவில்லை.

"அப்பா, இவ்வளவும் செய்தது காணும். You tried," என்றாள் மகள் துவாரகா. அவள் வீடும் அஜக்ஸ்தான். "கீழ் றூம் சும்மாதானே கிடக்கு. வாங்கோ."

வருகிறேன் என்றார். அவள் அதை எதிர்பார்க்கவில்லை. ஒரு வருடமாக முடியாது என்று சொல்லிவந்தவர்.

வீடு பதினொரு நாளில் விற்றது. தன் வீட்டின் உறுதி வேலையைத் தானே செய்வது சரியில்லை என்று பழைய கூட்டாளி ஒருவரிடம் கொடுத்தார். விளம்பரம் எழுதிய ஏஜன்ற் முதல் வரியிலேயே 'வாசலிலேயே பஸ்' என்று போட்டிருந்தான். சச்சிதானந்தன் அதை எடுக்கச் சொன்னார். அவன் சிரித்தான். "அங்கிள், இந்த வீட்டின்ர பெஸ்ற் விசயமே அதுதான்" என்றான்.

வாங்கியது ஒரு இளம் குடும்பம். றோய், ஷாமிலா, கைக்குழந்தை ஒன்று. திறப்பு மாறும் நாளில் சச்சிதானந்தன் வீட்டிலேயே நின்று அவர்களைச் சந்தித்தார். அலுமாரியில் மிஞ்சியிருந்த கடைசி மணிக்கூட்டை ஷாமிலாவிடம் கொடுத்தார். பிறகு அவளை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, உந்த இடத்தில மட்டும் கடக்காதேங்கோ. அங்கால லைற்றுக்குப் போங்கோ. என்ர மனுசி இதிலதான்..." மீதியைச் சொல்லி முடித்தார். விண்ணப்பங்களில் எழுதியதை, மண்டபத்தில் சொன்னதை, முந்நூறு கதவில் சொன்னதைத் திரும்பவும் சொன்னார். அன்புராசாவைப் பற்றியும் சொன்னார்.

ஷாமிலாவின் முகம் வாடிப்போனது. "ஐயோ அங்கிள்" என்றாள். உண்மையான கவலை. "கவனமா இருப்பன் அங்கிள். எனக்குக் காலமை ஆறு மணி வேலை. கார் ஒண்டுதான், அவர் கொண்டுபோயிடுவார். வாசலிலேயே பஸ் எண்டபடியாத்தான் இந்த வீட்டை விடக்கூடாது எண்டு நிண்டனான்."

துவாரகா காரில் காத்திருந்தாள். சச்சிதானந்தன் ஏறி இருந்தார். பெல்ற்றைப் போட்டுக்கொண்டு நிமிரும்போது எதிர்ப்பக்கம் பஸ் வருவது தெரிந்தது. ஷாமிலா குழந்தையை றோயிடம் கொடுத்துவிட்டுக் கைப்பையோடு வாசலால் இறங்கி வந்தாள். கடைக்கோ வேலைக்கோ தெரியாது. கரையில் நின்றாள். அவர் சொன்னது ஞாபகம் வந்ததுபோல ஒருமுறை லைற் பக்கம் பார்த்தாள், அது தூரத்தில் இருந்தது. பிறகு பஸ்ஸைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் கவனமாகப் பார்த்துவிட்டு ஓடினாள். நடுக்கோட்டில் நின்றாள். திரும்ப ஓடினாள். பஸ் நின்று அவளை ஏற்றிக்கொண்டது.

"அப்பா, போவமோ?"

"போ, பிள்ளை."

துவாரகாவுக்கு அஜக்ஸில் நாலு மணிக்கு ஏதோ அலுவல். காரை றோட்டில் இறக்கி மிதித்தாள். ஐம்பது, அறுபது. வழக்கமாக இந்த இடத்தில் அவர் 'மெதுவா' என்பார் என்று அவள் ஒரு கணம் காத்திருந்தாள். குரல் வரவில்லை. முள் எழுபத்தைந்தைத் தாண்டியது. சச்சிதானந்தன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.